பழவேற்காட்டுப் பக்கம் குழந்தைகள் மையம்: அறக்கட்டளைப் பணத்தைக் கட்டடத்துக்குக் கொடுப்பதா, ஆளுக்குக் கொடுப்பதா?

வண்ணாரப்பேட்டை வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பகுதியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் நானும் உறுப்பினன். இதுவரை பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டணத்துக்கு மட்டுமே உதவி வந்தோம். இந்த ஆண்டு, சென்னைக்கு வடக்கே பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனம் எங்களை அணுகியிருக்கிறது. அவர்கள் கொடுத்த திட்டத்தில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. ஒரு கிராமத்தில் புதிதாகக் குழந்தைகள் மையம் கட்டுவது ஒன்று. சுற்றியுள்ள அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்விக்கென்றே (பள்ளியில் சேரும் முன் தரும் கல்விக்கு) உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்துவது மற்றொன்று. மூன்று வயது நிரம்பாத குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று, அவர்களை வளர்ப்பவர்களோடு பேசி, விளையாட்டு வழியாக வளர்ச்சிக்கு உதவுவது மூன்றாவது.

மூன்றுக்கும் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கட்டடத்தின் பக்கம் சாய்கிறார்கள். கல்வெட்டில் பெயர் இருக்கும் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கல்வெட்டு அந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினரைப் போல உட்கார்ந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுத்துப் பேசுவதற்கு என் மனக்குறை போதாது, காரணங்கள் வேண்டும். துறையை அறிந்தவர்கள் எழுதுங்கள்.

காசிமேட்டுக்காரன்

முதலில் ஒரு கேள்வி. விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகும் தாய்மார்கள் காசிமேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பாட்டியோ, எட்டு வயது அக்காவோதான் பார்த்துக்கொள்கிறார்கள். நம் தெருவில் இருக்கும் குறையைத் தாண்டிப் பொன்னேரிக்குப் போக வேண்டிய அவசியம் என்ன? எண்ணூரும் மணலியும் திருவொற்றியூரும் 2011ஆம் ஆண்டில்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. எல்லைக்கோடு நகர்ந்த அன்று அங்கிருந்த குழந்தைகளின் நிலை நகர்ந்துவிடவில்லை. ஊரகம் என்ற சொல்லுக்காக மட்டும் பணம் வெளியே போகிறதோ என்று ஐயப்படுகிறேன்.

திருவொற்றியூர் மேற்பார்வையாளர் (ஓய்வு)

காசிமேட்டுத் தம்பியின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஓர் அங்கன்வாடி சரியாக நடக்கவில்லை என்றால், நடந்து போகும் தூரத்தில் வேறொன்று இருக்கும். மாநகராட்சிப் பள்ளி இருக்கும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கும். உப்பங்கழிக் கரையில் இருக்கும் ஒரு குடியிருப்பில் அந்த ஒரே அறை சரியாக நடக்கவில்லை என்றால், அந்தக் குழந்தைக்கு வேறு எதுவுமே இல்லை.

இனி கட்டடத்துக்கு வருகிறேன். அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1945இல், தாராபாய் மோடக் இன்றைய மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி என்ற ஊரில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை என்றால் மையம் பிள்ளைகளின் முற்றத்துக்குப் போகட்டும் என்பதுதான் அவரும் அவருடைய மாணவியான அனுதாய் வாக்கும் கண்ட வழி. இன்று அரசுத் திட்டமாக நாம் பார்க்கும் அங்கன்வாடிக்கு ஒரு தன்னார்வ அமைப்பின் முற்றம்தான் முன்னோடி. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், தொண்டு நிறுவனம் புது வழியைக் கண்டுபிடிக்கலாம், அரசு அதைப் பரப்பலாம் என்ற வேலைப் பங்கீடு அப்போதே இருந்தது. அரசு பரப்பி முடித்த பிறகு, அதே ஊரில் அதே போன்ற மற்றொரு மையத்தைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

தமிழ்நாட்டில் நடந்ததும் சிறிய வேலை இல்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவைக் குறிப்பிட்ட காலம் கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளி மாணவர்களோடு ஊரகத்தில் இரண்டு முதல் ஐந்து வயது வரை உள்ள சிறு குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இன்று மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அறைக்குப் பஞ்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கும் நேரத்துக்கும் இருக்கும் பஞ்சம் அதைவிடப் பெரியது.

ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் சமையலையும் சுத்தத்தையும் பார்ப்பார். பணியாளர் எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், சத்துமாவுப் பொட்டலங்களை வழங்கிக் கணக்கு எழுத வேண்டும், தடுப்பூசி நாளில் தாய்மாரைத் திரட்ட வேண்டும், கருவுற்ற பெண்களின் வீடுகளுக்குப் போக வேண்டும், கைப்பேசிச் செயலியில் எல்லாவற்றையும் பதிய வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. இத்தனையும் முடிந்து நான்கு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து கதை சொல்ல மீதமிருக்கும் நேரம் எவ்வளவு என்பதை, ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பணியாளரைக் குறை சொல்வது எளிது. நானும் பணியில் இருந்தபோது அப்படிச் சொன்ன அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொளத்தூர் ஆய்வு மாணவி

மேற்பார்வையாளர் அம்மா சொன்னதற்குச் சான்றாக ஓர் ஆய்வே இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில் நடந்தது. கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் 320 அங்கன்வாடிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் அவற்றில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று ஒரு கூடுதல் பகுதிநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். மற்ற மையங்கள் வழக்கம்போல நடந்தன. கூடுதல் ஆள் வந்த மையங்களில் முன்பருவக் கல்விக்கான நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது அதன் அடுத்த முடிவுதான். கூடுதல் பணியாளர் கல்வியை மட்டும்தான் கவனித்தார்; ஆனாலும் அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. கல்வி வேலை கையைவிட்டுப் போனதால், பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்தையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததே இதற்குக் காரணம். இத்தனைக்கும் அமர்த்தப்பட்டவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். உங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

காசிமேட்டுக்காரன்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக இல்லை. ஆய்வு நடத்தியவர்கள் போய்விட்டார்கள். தொண்டு நிறுவனத்தின் பணம் மூன்றாம் ஆண்டில் முடிந்தால், அந்தப் பகுதிநேரப் பெண்ணின் கதி என்ன? கட்டடமாவது நிற்கும்.

பெரம்பூர் கணக்கர்

கட்டடம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் கூரையும் கழிப்பறையும் ஆண்டுதோறும் பணம் கேட்கும். அந்தச் செலவுக்குக் கல்வெட்டில் பெயர் போட முடியாது என்பதால் யாரும் கொடுக்க மாட்டார்கள். தணிக்கைப் பணியில் பல அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில், பணத்தின் போக்கைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இத்தகைய தொண்டு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகளில் பணம் வருகிறது. முதலாவது வெளிநாட்டு நன்கொடை. அதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முன்பெல்லாம் நகரத்தில் இருக்கும் பெரிய அமைப்பு நன்கொடையைப் பெற்று, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கும் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வாய்க்கால் அடைபட்டதில் அதிகம் காய்ந்தவை கிராமத்துச் சிறிய அமைப்புகள்தாம்.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்வதால், மணலியிலும் எண்ணூரிலும் ஆலை வைத்திருப்பவர்களை இந்த நிறுவனம் அணுக வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு நிதியாண்டின் அவசரம் உண்டு. மார்ச் மாதத்துக்குள் செலவாக வேண்டும், படம் எடுக்க ஏதாவது இருக்க வேண்டும். எனவே வர்ணம் பூசிய சுவர்களும் பொம்மைப் பெட்டிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வந்து சேருகின்றன, சம்பளம் மட்டும் வருவதில்லை. பல ஆண்டுத் திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

மூன்றாவது, உங்களைப் போன்றவர்களின் பணம். தொகை சிறியது, ஆனால் மார்ச் மாதக் கெடு இல்லாத பணம் இது ஒன்றுதான். இதையும் சிமெண்ட்டில் போட்டுவிட்டால், சம்பளத்துக்கு அந்த நிறுவனம் வேறு யாரிடம் போகும்?

திட்ட அறிக்கையைப் படிக்கும்போது ஒரு தவறான பழக்கத்தையும் கைவிட வேண்டும். சம்பளம் என்ற வரியைப் பார்த்ததும் வீண்செலவு என்று முகம் சுளிக்கிறோம். குழந்தையோடு உட்காரும் பெண்ணின் சம்பளம்தான் இங்கே திட்டமே. கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்லப்படுபவை), களப்பணியாளர்களுக்கு ஊதியம் வங்கி வழியாகப் போகிறதா என்பது.

வியாசர்பாடி டீச்சர்

பணத்தைப் பற்றிப் பேசியாயிற்று. அந்தப் பகுதிநேரப் பெண் அங்கே என்ன செய்யப் போகிறார் என்பதையும் பேச வேண்டும். நான் மழலையர் பள்ளியில் கற்பிக்கிறேன். மூன்றரை வயதுப் பிள்ளை எழுதவில்லையே என்று பெற்றோர் என்னிடம் கவலைப்படுகிறார்கள். விரல் தசைகள் உறுதிப்படும் முன்பே பென்சிலைத் திணிக்கிறோம். கிராமத்திலும் இதே ஆசைதான். கடன் வாங்கியாவது எல்.கே.ஜி. உள்ள தனியார் பள்ளியின் வேனில் குழந்தையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஈர்ப்பைப் பார்த்துத்தான் அரசே 2019ஆம் ஆண்டு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது.

ஆகவே, தொண்டு நிறுவனம் அமர்த்தும் பெண் வீட்டுப்பாட ஏடுகளோடு வந்தால் அவருக்குப் பணம் கொடுப்பதில் பயன் இல்லை. நீங்கள் பார்க்கப் போகும்போது சுவரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். குழந்தைகள் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்து, ஒரே குரலில் அ, ஆ சொல்கிறார்களா? அல்லது நான்கைந்து பேராகப் பிரிந்து, ஒரு கூட்டம் மணலில் வீடு கட்ட, மற்றொரு கூட்டம் புளியங்கொட்டைகளைப் பல்லாங்குழியில் பிரித்து எண்ண, ஒரு குழந்தை ஆயாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறதா? குழந்தை எவ்வளவு பேசுகிறது, பெரியவர் எவ்வளவு பேசுகிறார் என்று பத்து நிமிடம் காது கொடுத்தாலே மையத்தின் தரம் தெரிந்துவிடும். (மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டையும் சோழியும் கூடாது, விழுங்கினால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். இதைக்கூடப் பயிற்சியில் சொல்லித் தராத நிறுவனங்கள் இருக்கின்றன.)

எண்ணூர் செவிலி

எல்லோரும் மூன்று வயதுக்கு மேலேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டத்தின் மூன்றாவது பகுதியைத் தொட யாரும் இல்லையா?

கருவில் தொடங்கி இரண்டாம் பிறந்தநாள் வரை உள்ள ஏறக்குறைய ஆயிரம் நாட்களில் மூளை வளரும் வேகம் பிறகு வருவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. அங்கன்வாடியில் சூடான சோறு கிடைப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. அதை யார் கரைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள், வீட்டில் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்களா என்பதெல்லாம் அந்த வீட்டுக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது. எனவே வீட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

போய் என்ன செய்வது என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986ஆம் ஆண்டு தொடங்கி, சாலி கிராந்தம்-மெக்ரிகர் குழுவினர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்களை வாரம் ஒரு முறை இரண்டு ஆண்டுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டியதுதான் அவர்கள் செய்த வேலை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களுடையதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே முறையைப் பின்னாளில் ஒடிசாக் கிராமங்களில் செய்து பார்த்தபோது, வீடு வீடாகப் போவதற்குப் பதிலாகத் தாய்மாரைச் சிறு குழுவாகக் கூட்டி நடத்தினாலும் ஏறக்குறைய அதே பயன் கிடைத்தது, செலவோ பெரிதும் குறைந்தது.

ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகும் பெண்கள் தாய்மாருக்கு அறிவுரை சொல்லும் தோரணையில் போகக் கூடாது. விடியலில் வயலுக்கோ இறால் பிடிக்கவோ போகும் ஒருத்தியிடம் "குழந்தையோடு பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது கொடுமை. பகலில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டியையும் அந்தச் சந்திப்பில் சேர்க்க வேண்டும். மேல்கைச் சுற்றளவு நாடா ஒன்று அவர்கள் பையில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவின் அறிகுறி; பாட்டும் விளையாட்டும் பிறகு, முதலில் ஆரம்ப சுகாதார நிலையம்.

செங்குன்றம் களப்பணி

நான் வேறோர் அமைப்பின் சார்பில் செங்கல் சூளைகளில் களப்பணி செய்கிறேன். அதனால் கட்டடத்துக்கு எதிரான இந்த ஒருமித்த குரலில் சிறிது மணல் போடுகிறேன். ஓர் அங்கன்வாடிக்குப் பொது விதிப்படி 400 பேர், குறு மையத்துக்கு 150 பேர் வேண்டும். உப்பங்கழி ஓரத்து இருளர் குடியிருப்புகள் சில அந்த எண்ணிக்கையையே எட்டாது. அவர்களுடைய பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும்போது பிள்ளைகள் கரையில் இருப்பார்கள். ஊருக்குள் இருக்கும் மையத்துக்குப் போனால் வேறு சாதிக்காரர்களின் பார்வை எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. சூளைகளின் நிலையும் இதுதான். மழை ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பமாக வருவார்கள், கோடை முடிந்து மழை நெருங்கும்போது திரும்பிப் போவார்கள். குழந்தை ஒடியா பேசும்; மையத்தில் இருப்பவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி உணவை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை சூளையின் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது.

இத்தகைய இடங்களுக்கு ஒரு கூரையும் அவர்கள் மொழி தெரிந்த ஒரு பெண்ணும் தேவை. கான்கிரீட் தேவையில்லை, ஓலைக் கொட்டகை போதும். அந்த நிறுவனத்தின் புதிய மையம் எந்த இடத்தில் வரப் போகிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கன்வாடி இருக்கும் ஊரின் நடுவில், சாலையோரத்தில் வருகிறது என்றால், அது பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டப்படுவது.

வண்ணாரப்பேட்டை வாசகர்

கேட்டுவிட்டேன். சாலையோரத்தில்தான். ஊராட்சி கொடுக்கும் இடம் அதுதான் என்கிறார்கள். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் அங்கன்வாடி இயங்குகிறது.

பகுதிநேரப் பெண்களைப் பற்றி மேற்பார்வையாளர் அம்மாவிடம் ஒரு கேள்வி. அரசு மையத்துக்குள் வெளி ஆள் ஒருவர் உட்காரப் பணியாளர் விடுவாரா? தன் வேலையைக் குறைகூற வந்தவர் என்று நினைக்க மாட்டாரா?

திருவொற்றியூர் மேற்பார்வையாளர் (ஓய்வு)

நிச்சயமாக நினைப்பார். எனவே மாவட்டத் திட்ட அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில் வேண்டும். அதைவிட முக்கியமானது, பெண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது பணியாளரையும் உட்கார வைத்துப் பேசுவது. மற்றொன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்: புதிதாக வருபவர் பதிவேட்டையும் செயலியையும் தொடக் கூடாது. ஒரு முறை தொட்டுவிட்டால் அடுத்த மாதமே அவர் எழுத்தராகிவிடுவார், குழந்தைகள் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பணியாளர் விடுப்பில் போகும் நாளிலும் மையத்தின் முழுப் பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது.

காசிமேட்டுத் தம்பி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுக்குப் பிறகு பணம் நின்றால், அந்தப் பெண்ணுக்கு ஒரு பயிற்சிச் சான்றிதழும் மூன்று ஆண்டு அனுபவமும் கையில் இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியிடங்கள் காலியாகும்போது உள்ளூர்ப் பெண்களையே தேர்வு செய்கிறார்கள். உறுதி சொல்ல முடியாது, ஆனால் விண்ணப்பிக்கும் நிலையிலாவது அவர் இருப்பார்.

காசிமேட்டுக்காரன்

அந்தச் சான்றிதழுக்கான பயிற்சிச் செலவையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அடுத்த ஆண்டு துறைமுகத்துப் பிள்ளைகளைப் பற்றி இதே இடத்தில் இழை தொடங்குவேன், அப்போது எல்லோரும் வர வேண்டும்.

வண்ணாரப்பேட்டை வாசகர்

கூட்டத்தில் நான் வைக்கப் போகும் முன்மொழிவு இது. கட்டடத்துக்குப் பணம் இல்லை. எங்கள் தொகை முழுவதும் இரண்டாவது பகுதிக்கு, மூன்று ஆண்டுகளுக்கு, ஊதியமாகவும் பயிற்சிச் செலவாகவும் போகும். எத்தனை மையங்களுக்கு மூன்று ஆண்டும் கட்டாயம் கொடுக்க முடியுமோ அத்தனை மட்டும். முதல் ஆண்டில் அதிகம் எடுத்துப் பிறகு குறைக்கக் கூடாது. கழிக்கரைக் குடியிருப்பில் ஒரு கொட்டகைக்கும், செவிலி அம்மா சொன்ன தாய்மார் குழுவுக்கும் அந்த நிறுவனம் மணலி ஆலைகளில் ஒன்றை அணுகட்டும்; அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கப் பெரம்பூர்க் கணக்கர் உதவுவாரா?

பெரம்பூர் கணக்கர்

எழுதித் தருகிறேன். பல ஆண்டுத் திட்டம் என்ற சொற்றொடர் முதல் பத்தியிலேயே வர வேண்டும். அந்தத் தொண்டு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணை (சமூகப் பொறுப்புப் பணத்தைப் பெறுவதற்கான பதிவு) வாங்கி அனுப்புங்கள். அது இல்லாமல் எந்த ஆலையும் காசோலையில் கையெழுத்துப் போடாது.